பேச்சு இல்லாத ஆறு கேசட்டுகள்

தம்பி,

வியாழக்கிழமை காலை வே சாய் அம்மாள் வந்தாள். நீதான் சொல்லி அனுப்பினாயாம். இந்தச் சைகோனில் வீடு வீடாகப் போய்ப் பழைய இரும்பும் அட்டையும் எடுத்துப் போகிறவர்களை வே சாய் என்பார்கள் என்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, கூம்புத் தொப்பியைக் கழற்றாமலே மூன்று மாடி ஏறி, உன் அறைக் கதவைத் தள்ளித் திறந்து சுற்றிலும் பார்த்தாள். சுவர் முழுக்க முட்டை அட்டை. கூரைத் தகரத்துக்குக் கீழே மூன்று அடுக்காகப் பழைய மெத்தை. தரையில் நீயும் லானும் செய்துவைத்த அத்தனையும்: நரம்பு கட்டிய மோட்டார் சைக்கிள் புகைக்குழாய், தூண்டில் நூல் இழுத்த மீன் பெட்டி, விசிறி மோட்டார்கள், சோற்றுப் பானை மூடிகள்.

"இதெல்லாம் என் வண்டியிலேர்ந்து வந்தது" என்றாள். அவள் வியட்நாமியத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "ஊரே எனக்குப் போடும். உங்க பையன் ஒருத்தன்தான் என்கிட்டேர்ந்து எடுப்பான். நான் வந்தா வீட்டுக்காரங்க சாமானை வெளியில வைப்பாங்க, இவன் வண்டிக்குள்ள தலைய விடுவான்." புகைக்குழாயைத் தூக்கிப் பார்த்தாள். "இது என்ன?"

"வாத்தியம்."

"யார் வாசிக்கிறது?"

"அவனும், அவன் கட்டிக்கப்போற பொண்ணும்."

"இனிமே?"

"வேண்டாம்னு சொல்றான்."

"அப்ப இரும்புதான்" என்று கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் நரம்புகள் அதிர்ந்து அது ஒரு நீண்ட சத்தம் போட்டது. சத்தம் அடங்கும்வரை அவள் கையை எடுக்காமல் நின்றாள். பிறகு, சனிக்கிழமை பெரிய வண்டி கொண்டுவருவதாகச் சொன்னாள். நான் மாதக் கடைசியில் வரச் சொன்னேன். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்பதுதான் காரணம்.

வீட்டில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதை ஏன் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அச்சில் போன பிழைக்குத் திருத்தமும் அச்சில்தான் வர வேண்டும். போனில் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தால் அது திருத்தம் ஆகாது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, மெகாங் ஆற்றுப் படகோட்டிகளைப் பற்றி நான் எழுதிய தொடர் இதே பத்திரிகையில் ஐந்து வாரம் வந்தது. பலர் பாராட்டினார்கள். அதில் ஒரு பெயர்கூடத் தப்பில்லை, ஓர் ஊர்கூட இடம் மாறவில்லை. பிழை அந்தக் கட்டுரைகளுக்கு அடியில் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அவசரமில்லை. மெதுவாகப் படி.

உன் அம்மா காரைக்காலிலிருந்து முதல் தடவை சைகோனுக்கு வந்தபோது, துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு ஒரு டேபிள் டாப் கிரைண்டரைத் தூக்கிவந்தாள். டான் சோன் நாட் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதன் கல்லை எடுத்து உருட்டிப் பார்த்து, இது எந்த இயந்திரத்தின் பாகம் என்று கேட்டார். எனக்கு வியட்நாமியம் அரைகுறை. சாப்பாடு என்று சொன்னேன். அவர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நகரத்தின் தெற்கே பூ மி ஹங் அடுக்குமாடிகளில் இந்தியக் குடும்பங்கள் பெருகியபோது, அந்தக் கிரைண்டரில்தான் உன் அம்மா வாரம் மூன்று நாள் மாவரைத்து அனுப்பினாள். கடிகாரம் பார்க்க மாட்டாள். கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்துவாள், சந்தில் காய் வாங்குவாள். எங்கே இருந்தாலும் திடீரென்று தலையைத் திருப்பி, "சத்தம் மாறிடுச்சு. மாவு ஆயிடுச்சு" என்று ஓடிவருவாள். தொட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். எனக்கு அந்த மாற்றம் ஒருநாளும் கேட்டதில்லை. உனக்கு ஆறு வயதிலேயே கேட்டது. ஒருநாள் நீ அவளுக்கு முன்னால் சொல்லிவிட்டாய். அவள் உன்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அப்போது துறைமுகச் செய்தி ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், சத்தம் போடாதீர்கள் என்றேன்.

பதினேழு வயதில் பழைய எலக்ட்ரானிக் சாமான் சந்தையிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தாய். பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் பாட்டுப் பாடும் வில்லையைப் பிய்த்து, ஒயர் சேர்த்து, அதையே மைக் ஆக்கினாய். ஒரு மழைக்காலம் முழுக்க அடுக்களையில் ஒட்டிவைத்துப் பதிவு செய்தாய். உன் அம்மா முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டாள், அப்புறம் மறந்துவிட்டாள். ஆறு கேசட். பெயர் எழுதாமல் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் மட்டும் ஒட்டி, பிஸ்கட் டின்னில் போட்டு மேல் அறையில் வைத்தாய். கோயிலில் யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால் "சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கப்போறான்" என்று சொல்லிவந்தேன். கரண்டிச் சத்தத்தைப் பிடிக்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு, கல்லூரி முதல் வருஷ ராணுவப் பயிற்சிக்கு நீ போயிருந்த வாரங்களில், படகோட்டிகளைப் பார்க்க நான் ஆற்றுப் பக்கம் கிளம்பினேன். எல்லோரும் டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் நான் கேசட்டை விடவில்லை. காலிக் கேசட் கிடைப்பது நின்றுபோயிருந்தது. என்னிடம் இருந்தவற்றில் அச்சுக்குப் போகாத பேட்டிகள் இருந்தன. முதல் நாள் சாயங்காலம் உன் அறைக்குப் போய் டின்னைத் திறந்தேன். போட்டுக் கேட்காமல் எடுக்கவில்லை, தம்பி. அதுதான் இதில் மோசமான பகுதி. ஒவ்வொரு கேசட்டையும் போட்டு ஆரம்பத்தில் ஒரு நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம், கடைசியில் ஒரு நிமிஷம் கேட்டேன். நான் எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். பேச்சு இருந்தால் அழிக்க மாட்டேன். பேச்சு இல்லாவிட்டால் அது என்னைப் பொறுத்தவரை காலி. கேட்டதை நோட்டில் குறித்தும் வைத்தேன்.

கேசட்டுகளோடு இறங்கி வந்தபோது உன் அம்மா பார்த்தாள். "ஏங்க, அது தம்பியோடதாச்சே."

"கேட்டுட்டேன். ஒண்ணுமில்ல. மோட்டார் சத்தம்."

"ஒண்ணுமில்லாததையா டின்னுல போட்டு வெச்சிருக்கான்?"

"வந்ததும் வேற வாங்கிக் குடுத்துக்கலாம். காலையில பஸ்."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆற்றில் ஆறு நாள், ஆறு படகோட்டிகள். அவர்கள் பேச்சு நல்ல பேச்சு. ஐந்து கேசட்டுகள் இரண்டு பக்கமும் நிறைந்தன.

அதற்கு ஏழு மாதம் கழித்து உன் அம்மா போய்விட்டாள். நுரையீரல். உனக்குத் தெரிந்ததுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போனபின் நீ மேலே ஏறினாய். இறங்கி வரும்போது கையில் டின் இருந்தது.

"அப்பா, இதுல ஆறு கேசட் இருந்துச்சு."

எனக்கு உடனே நினைவு வந்தது. அடுத்த வார்த்தை என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. நான் சொன்னது: "கூரை ஒழுகினப்ப நனைஞ்சு பூஞ்சை புடிச்சிடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

நீ டின்னின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாய். ஈரத்தின் அடையாளம் தேடினாய் என்று நினைக்கிறேன். "நான்தான் சுவரோரமா வெச்சேன்" என்றாய். "அம்மா எடுத்து உள்ள வையின்னாங்க. நான் கேக்கல."

அந்த இடத்தில் நான் திருத்தியிருக்கலாம். நாற்பது வருஷம் மற்றவர்களிடம் உண்மையைக் கேட்டு வாங்கியவன் நான். பொய்யைத் திரும்ப எடுக்க முதல் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று என்னிடம் பொய் சொன்ன பலரைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். அதற்கப்புறம் அது வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும், அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். நான் ஒன்பது வருஷம் அப்படி நடந்தேன்.

அதன் பிறகுதான் நீ அந்த அறையை அடைக்க ஆரம்பித்தாய். முதலில் கூரை ஒழுக்கலுக்குத் தார் பூசினாய். பிறகு முட்டை அட்டை, மெத்தை, கதவிடுக்கில் ரப்பர். சந்துக் காப்பிக்கடைக்காரர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க பையன் மேல ஃபேன் ரிப்பேர் பண்றானா?" என்று கேட்டார். இசை என்றேன். "சரி சரி. எப்ப ரிப்பேர் முடியும்?" என்றார். நான் சிரித்தேன். அவரோடு சேர்ந்து சிரித்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நீ முதலில் கிரைண்டரையே மேலே தூக்கிப்போய் ஓடவிட்டுப் பதிவு செய்தாய். அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னாய்: "சத்தம் கரெக்டாதான்பா இருக்கு. ஆனா ஆளில்லாத வீட்டுல ஓடற மாதிரி இருக்கு." எனக்கு அது புரியவில்லை, சோறு போதுமா என்று கேட்டேன். கிரைண்டரைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, வே சாய் வண்டியில் தேட ஆரம்பித்தாய். லான் வந்து சேர்ந்தாள். கார்கோ ஆபீஸ் வேலை முடிந்து சீருடையோடு வந்து, ஈரக் கையால் மீன் பெட்டியை அழுத்தி அழுத்தி வாசிப்பாள். நீ எதைத் தேடுகிறாய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் காப்பிக்கடை மாடி ஒன்றில் நீங்கள் வாசித்ததற்கு வந்தேன். எண்ணினேன், என்னைச் சேர்த்துப் பதினொரு பேர். வழக்கம்போல நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் பாதியில் என் காதருகே வந்து, "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்றார். ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆயிற்று என்றேன். மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் மேல் அலுமினியப் பானையைப் பொருத்தி, அதற்குள் கல் குண்டுகளைச் சுழலவிட்டிருந்தாய். முதலில் கரகரவென்று இருந்தது. நேரம் போகப் போக அடங்கி, வழவழவென்று வந்தது. லான் ஈரக் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அப்போது எனக்குக் கேட்டது, தம்பி. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் மாறியது கேட்டது. மாவு ஆயிடுச்சு என்று சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டேன். நோட்டில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

வெளியில் வந்து, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய்.

"நல்லா இருந்துச்சு."

"கிட்ட வந்துச்சுப்பா. ஆனா வரல."

அன்று அந்த நடைபாதையில் நான் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷமாவது மிஞ்சியிருக்கும். உன் மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, உன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் முன்பு கல்யாணத் தேதி முடிவானதும் சொன்னாய்: "ஒன்பது வருஷம் ஆச்சுப்பா. என் அலட்சியத்துல போனது. அதை இரும்பை வெச்சுத் திரும்பச் செஞ்சிட முடியாது. அந்த ரூம்ல நீங்க துணி காயப்போட்டுக்கோங்க." பூ மி ஹங்கில் நீ குடிபோன பதினாலாவது மாடி வீட்டில் பால்கனி இருக்கிறது, விளம்பரக் கம்பெனியில் சத்தம் சேர்க்கிற வேலை இருக்கிறது, அது போதும் என்றாய். போதுமாக இருக்கலாம். நீ வாசிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதைக் கேட்கும் உரிமையை எப்போதோ இழந்துவிட்டேன். ஆனால் உன் அலட்சியத்தால் போனது என்று எண்ணிக்கொண்டு நீ அந்தக் கதவைச் சாத்தக் கூடாது. அது என் வேலை. உன் சுவரோரத்தில் ஈரமே இல்லை.

அன்றே என் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். படகோட்டிகளின் கேசட்டுகள் ஐந்தும் அதில் இருந்தன. ஐந்திலும் வெள்ளையாகப் பூஞ்சை. உன்னிடம் சொன்ன பொய் என் பெட்டிக்குள்ளேயே வளர்ந்து நிஜமாகியிருந்தது. அடியில் அந்த வருஷத்து நோட்டு. பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து, பென்சில், வரிசையாக:

ஒன்று. பேச்சு இல்லை.

இரண்டு. பேச்சு இல்லை.

மூன்று. பேச்சு இல்லை.

நான்கு. நடுவில் ஒரு பெண் தொடர்ந்து இருமுகிறாள். பேச்சு இல்லை.

ஐந்து. பேச்சு இல்லை.

ஆறு. பேச்சு இல்லை.

இதை இரண்டாவது தடவை படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பெண். அந்த அடுக்களையில் வேறு எந்தப் பெண் இருந்தாள்? ஆஸ்பத்திரியில் டாக்டர், எவ்வளவு நாளாக இருமல் என்று கேட்டபோது உன் அம்மாவைப் பேசவிடாமல் நான்தான் பதில் சொன்னேன். "இரண்டு வாரம்" என்றேன். சரியாகச் சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். உன் அம்மா என்னைப் பார்த்தாள், திருத்தவில்லை. அந்த இருமல் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே கேசட்டில் இருந்திருக்கிறது. நான் அதைக் கேட்டு, எழுதிவைத்து, அதன் மேல் ஒரு படகோட்டியைப் பேசவிட்டிருக்கிறேன். முன்பே பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று எழுத மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பிழைத்திருக்க மாட்டாள் என்பதற்கும் இல்லை. நீயும் அந்த இருமலைக் கேட்டிருப்பாய். அதை நினைத்து இனிமேல் ஒரு பாரத்தை நீ ஏற்றிக்கொள்ளாதே. உனக்குப் பதினேழு வயது. கேட்பதைத் தொழிலாக வைத்திருந்தவன் நான்.

லானைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அறிவுரை என்றே வைத்துக்கொள். அவள் குறைவாகப் பேசுகிற பெண். அவள் பேசாத நேரத்தைக் காலி என்று எடுத்துக்கொள்ளாதே. மாடிப்படியில் அவள் நடை மாறினால், பாத்திரம் வைக்கும் விதம் மாறினால், இருமினால், அப்போதே கேள். உனக்குக் காது இருக்கிறது, உன் அம்மா கொடுத்தது. அதை விளம்பரக் கம்பெனிக்கு மட்டும் செலவழித்துவிடாதே.

ஆறாவது கேசட் பெட்டியில் இல்லை. என் பழைய ரெக்கார்டருக்குள்ளேயே, ஜிப் போட்ட தோல் பைக்குள் இருந்தது. அதில் பூஞ்சை இல்லை. கடைசிப் படகோட்டி வயதானவர். பாதிப் பேச்சில் ஆற்றைப் பார்த்து, "தண்ணி ஏறுது, நான் போகணும்" என்று எழுந்துவிட்டார். நான் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். மறுபக்கத்தைத் தொடவே இல்லை என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் அதில்தான் முதலில் பேட்டி எடுத்திருக்கிறேன், முழுதும் நிறைந்திருக்கிறது. ஆனால் படகோட்டி எழுந்து போன பக்கத்தில், அவர் போன பிறகு, சுற்றில் இன்னும் நாடா மிச்சமிருக்கிறது. அளந்து பார்த்தேன். பதினேழு, பதினெட்டு நிமிஷம் இருக்கும். அதன் மேல் நான் எதையும் பதிவு செய்யவில்லை. அங்கே நீ பதிவு செய்தது இருக்க வேண்டும்.

உன் அறையில், உன் டெக்கில் போட்டுக் கேட்டேன். படகோட்டியின் குரல் வந்தது. "தண்ணி ஏறுது." பிறகு ஒரு கிளிக். பிறகு இரைச்சல். முழுதும் இரைச்சல். கிரைண்டர் ஓடினால் எனக்குக் கேட்டிருக்கும், அது ஓடவில்லை. கிரைண்டர் நின்ற பிறகு நீ மைக்கை எடுக்காமல் விட்ட நேரமாக அது இருக்கலாம். அவள் மாவை வழித்துக்கொண்டிருக்கலாம். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம். வெறுமனே நின்றிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. போன மாதம் காதுப் பரிசோதனையில் டாக்டர் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு காதிலும் மெல்லிய சத்தங்களும் உயர்ந்த சத்தங்களும் போய்விட்டன. உன்னிடம் இதையும் சொல்லவில்லை. அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் ஒன்றுமே இல்லையா, அல்லது இருந்தும் எனக்குக் கேட்கவில்லையா என்று என்னால் சொல்ல முடியாது. லானைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அதை முதலில் கேட்க வேண்டியவன் நீ.

அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். அறையில் உள்ள எதையும் நகர்த்தவில்லை. கேசட் டெக்கில் இருக்கிறது, படகோட்டி எழுந்து போன இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். பொத்தானை அமுக்கினால் போதும். நீ வரும் ஞாயிறன்று நான் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவேன், மத்தியானம்வரை வரமாட்டேன். சாவி காப்பிக்கடையில் இருக்கும். கேட்டுவிட்டு எனக்காகக் காத்திருக்க வேண்டாம். கோபத்தோடு போனால் போ. வே சாய் அம்மாளிடம் எதைப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது உன் முடிவு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கல்யாணத்துக்கு நான் வர வேண்டுமா என்பதையும் நீயே சொல்.

டெக்குக்குப் பக்கத்தில் அந்த நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். ஆறு என்ற எண்ணுக்கு எதிரே நான் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டேன். உறுதி செய்யாத செய்தி அது. இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. பென்சில் சீவி வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, என்ன இருக்கிறதோ அதை எழுது.

அப்பா